சொன்னது சந்திரம்மா, எழுதியது சொர்ணம்

பெங்களூர் பொம்மசந்திராவில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்கிற அந்தக் கம்பெனியில், தமிழில் வந்த ஒரு மெயிலை நாலு பேருக்குத் தட்டிவிடுவதற்கு முன்னால் பெரிய மேனேஜர்கள்கூடக் கொஞ்சம் தயங்குவார்கள். காரணம், டிரான்ஸ்போர்ட் செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கிற சொர்ணம். கவிதையோ, சிரிப்புத் துணுக்கோ, சளிக்குக் கஷாயமோ, எது வந்தாலும் அவளிடமிருந்து ஒரே மாதிரி பதில்தான் வரும். "நல்லா இருக்கு சார். எழுதினது யாரு?" தெரியாது என்று பதில் போட்டால், அவளே தேடிக் கண்டுபிடித்து, பேரும் ஊரும் பிளாக் முகவரியுமாக எல்லாருக்கும் அனுப்பிவைப்பாள். அனுப்பினவருக்கு அது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். சொர்ணம் அதைப் பற்றியெல்லாம் கவலைப்பட மாட்டாள்.

இந்தப் பிடிவாதம் அவளுக்குப் பிறவிக் குணம் அல்ல. 2007இல் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு ஒரு கதை இருக்கிறது. அதில் கீரை இருக்கிறது, விளையாட்டுச் சாமான் இருக்கிறது, கம்பெனியின் தமிழ் மன்றமும் இருக்கிறது.

சொர்ணம் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து, ஸ்ரீராம்புரத்திலேயே இரண்டு சந்து தள்ளிக் கல்யாணமாகிப் போனவள். ஏழாவது வரை தமிழ்ப் பள்ளி, அதற்கு மேல் கன்னடம். புருஷன் எத்திராஜுக்கு மாநகராட்சியில் தெருவிளக்கு வேலை. சொர்ணம் டைப்பிங் கற்றுக்கொண்டு, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வேலை பார்த்தாள். கம்பெனி பஸ்களுக்கு அவள்தான் எஜமானி. எந்த பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும், எந்த டிரைவர் சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லிவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஓசூர் ரோட்டு நெரிசலில் பஸ் நின்று நின்று போகும். அந்த நேரத்தில் மற்றவர்கள் தூங்குவார்கள், சொர்ணம் மனசுக்குள் எழுதுவாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழ் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, சாப்பாட்டு இடைவேளையில் அதை ஒரு பிளாக்கில் ஏற்றவும் ஆரம்பித்தாள். பிளாக்குக்குப் பேர் 'ரெண்டாம் நம்பர் பஸ்'. ஸ்ரீராம்புரத்து வண்டியின் எண் அது. படிக்கிறவர்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அவர்களில் ஒருவர் கனடாவில் இருக்கிறார் என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. எத்திராஜிடம் அதை அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

சொர்ணம் குடியிருக்கிற சந்துக்குக் காலையில் கூடையோடு வருகிறவள் சந்திரம்மா. மாகடி ரோட்டுப் பக்கம் வீடு. விடிவதற்குள் மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக எடுத்து, ஏழு மணிக்கெல்லாம் ஸ்ரீராம்புரத்தில் "சொப்பூ... சொப்பு" என்று குரல் கொடுப்பாள். கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. பெங்களூர்த் தமிழர்களுக்கும் அது சொப்புதான், கீரை என்று சொன்னால் வேற்றூர்க்காரர் என்று திரும்பிப் பார்ப்பார்கள். சந்திரம்மாவையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மரியாதை தெரிந்தவர்கள் சொப்பக்கா என்பார்கள். தெரியாதவர்கள் மாடியிலிருந்து "ஏ சொப்பு, நில்லு" என்பார்கள்.

ஒருநாள் சொர்ணம் மெந்த்யா சொப்பு என்கிற வெந்தயக் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, சந்திரம்மா எதிர்வீட்டுக் கதவைப் பார்த்து, அந்த வீட்டு மருமகள் பிரசவமாகி வந்துவிட்டாள் போலிருக்கிறது என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள் சொர்ணம். நேற்று சப்பசிகே சொப்பு வாங்கினார்கள், பால் ஊற வேறெதற்கு அதை வாங்குவார்கள் என்றாள் சந்திரம்மா. அப்புறம் பேச்சு நிற்கவில்லை. தினமும் மெந்த்யா வாங்கினால் அந்த வீட்டில் யாருக்கோ சர்க்கரை. திடீரென்று எல்லாச் சொப்பிலும் ஒவ்வொரு கட்டு வாங்கினால் ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறாள். வாடிக்கை வீடு மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒன்றுமே வாங்காவிட்டால் உள்ளே சண்டை. சமைக்கிறவளுக்குக் கோபம் வந்தால் முதலில் நிற்பது சொப்புதான், ஏனென்றால் அதை உட்கார்ந்து ஆய மனசு வேண்டும்.

சொர்ணம் அசந்துபோனாள். இதை நான் கம்ப்யூட்டரில் எழுதலாமா என்று கேட்டாள். அதோடு, கூச்சத்தோடு இன்னொன்றும் கேட்டாள்.

"உன் பேரு இன்னாக்கா?"

சந்திரம்மா கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். "இந்தச் சந்துல என் ஹெசரு கேட்டது நீதாம்மா மொதல்ல," என்றாள். "எழுதிக்கோ. ஆனா நான் சொன்னதுன்னா என் பேரு போடு. சொப்புன்னு போடாதே. சந்திரம்மான்னு போடு."

போடாமல் எங்கேயும் வராது என்று சொர்ணம் வாக்குக் கொடுத்தாள். கொடுத்தபடியே செய்தாள். 'சொப்புக்காரி' என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு வரி வைத்தாள். முதல் வரி: சொன்னது சந்திரம்மா, எழுதியது சொர்ணம். இரண்டாவது வரி: சொப்பு என்றால் எங்கள் பெங்களூரில் கீரை, பிள்ளைகள் வைத்து விளையாடும் சொப்பு அல்ல. அதற்குப் பிறகுதான் கட்டுரை.

அது ஓடியது பாருங்கள் ஓட்டம், சொர்ணம் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் அவள் பிளாக்கில் ஓடவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் மேலே இருந்த இரண்டு வரியையும் வெட்டி எறிந்துவிட்டு, கட்டுரையை மட்டும் ஒரு மின்குழுவில் போட்டிருந்தான். தலைக்கு மேலே 'படித்ததில் பிடித்தது' என்று ஒரு பட்டம். அந்த இரண்டு சொல் இருந்தால் போதும், எவருடைய எழுத்தையும் எவரும் எடுத்துப் போடலாம் என்று ஒரு வழக்கம் அப்போது இருந்தது. படித்தது யார், பிடித்தது யாருக்கு என்பதெல்லாம் தெரியும். எழுதியது யார் என்பது மட்டும் தெரியாது. ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழு, அங்கிருந்து ஒரு பிளாக், அங்கிருந்து மெயில். ஓரிடத்தில் 'நன்றி: இணையம்' என்று போட்டிருந்தார்கள். இன்னோரிடத்தில் ஒருவர் கட்டுரைக்கு அடியில் தன் பேரையே போட்டு, ஊரையும் போட்டுக்கொண்டிருந்தார்.

சொர்ணம் விடவில்லை. கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் போய், இது என் கட்டுரை, இன்ன தேதியில் எழுதினேன், எடுத்துப் போட்டதில் சந்தோஷம், இரண்டு பேர் பெயரையும் போடுங்கள் என்று மரியாதையாக எழுதினாள். சிலர் மன்னிப்புக் கேட்டுப் போட்டார்கள். சிலர் அவள் எழுதியதை அழித்தார்கள். தன் பேரைப் போட்டுக்கொண்டவர், நான் ஷேர்தானே பண்ணினேன் என்றார். இன்னொருவர், பெயரா முக்கியம், கருத்துதானே முக்கியம் என்று உபதேசம் செய்தார். அந்த உபதேசத்துக்குக் கீழே அவருடைய பேர், பட்டம், வேலை பார்க்கும் கம்பெனி, எல்லாம் இருந்தது. சொர்ணத்துக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

ஊர் சுற்றிய கட்டுரை கடைசியில் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கம்பெனித் தமிழ் மன்றத்தின் செயலாளர் சஞ்சய், டிசைன் பிரிவு எஞ்சினியர், கோயம்புத்தூர்ப் பையன், எல்லாத் தமிழ் ஊழியர்களுக்கும் ஒரு மெயில் அனுப்பினான். ஆண்டு விழா வருகிறது, மலர் வெளியிடுகிறோம், அதில் இந்த அருமையான கட்டுரை வருகிறது, மேடையிலும் நானே வாசிக்கப்போகிறேன், இதோ மாதிரிப் பக்கம் என்று. சொர்ணம் திறந்து பார்த்தாள். அவளுடைய 'சொப்புக்காரி'. தலைப்புக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு படம். படத்தில் ஒரு பெண் தலையில் கூடை வைத்திருக்கிறாள், கூடை நிறைய குட்டி அடுப்பு, குட்டிப் பானை, குட்டி அம்மி, மரத்தில் கடைந்த குட்டித் தோசைக்கல். கீழே, 'யாரோ எழுதியது'.

படத்தைப் பார்த்ததும் அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. கீழே இருந்த வரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நேராகச் சஞ்சயின் இடத்துக்குப் போனாள்.

சஞ்சய் நல்லவன்தான். அவள் பிளாக்கைத் திறந்து தேதியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். நம்ம டிரான்ஸ்போர்ட் மேடமா இதை எழுதியது என்று பக்கத்து மேஜைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். நெட்டில் வந்ததுங்க மேடம், நெட்டில் வருவதற்கு யார் பேரைப் போடுவது என்று தெரியவில்லை, அதனால்தான் யாரோ என்று போட்டோம் என்றான். படம் வரைந்த ஹரிஷ் திருநெல்வேலிப் பக்கம். தலைப்பை மட்டும் படித்துவிட்டு வரைந்திருக்கிறான். எங்கள் ஊரில் சொப்பு என்றால் இதுதான் மேடம் என்றான் பாவமாக.

"மேல ரெண்டு வரி இருந்துச்சு சார்," என்றாள் சொர்ணம். "ஒண்ணுல பேரு, ஒண்ணுல அர்த்தம். பேரு வேணாம்னு வெட்டுனவன் அர்த்தத்தையும் சேர்த்து வெட்டிட்டான்."

ஹரிஷ் படத்தை மாற்றுவதாகச் சொன்னான். சஞ்சயும் உடனே 'எழுதியது: சொர்ணம், டிரான்ஸ்போர்ட்' என்று போட்டுவிடுவதாகச் சொன்னான். ஆனால் சந்திரம்மா பேரைப் போட முடியாது என்றான். முதலில் அவன் சந்திரம்மாவைக் கதையில் வரும் பாத்திரம் என்றே நினைத்திருந்தான். நிஜ ஆள் என்று தெரிந்த பிறகும், மலரில் ஊழியர்கள் பேர்தான் வரலாம், கமிட்டியில் பேசி வைத்த விதி என்றான். பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னான்.

சொர்ணம் யோசித்தாள். உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டாள். பிறந்ததிலிருந்து அவள் பேர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அழகான தாளில், ஆயிரம் பேர் கையில், 'எழுதியது: சொர்ணம்'. எத்திராஜுக்குக் காட்டலாம். சந்திரம்மாவுக்கோ தமிழ் படிக்கவே தெரியாது, அவளுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள். இப்படி நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததே தவிர ஆசை போகவில்லை. அந்த வாரம் காலையில் "சொப்பூ" என்ற குரல் கேட்டதும் அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு இறங்கியவளைச் சந்திரம்மா சந்து முனையில் மடக்கிவிட்டாள். "யாக்கம்மா, சோமவாரத்துலேர்ந்து சொப்பு வாங்கல. எத்திராஜண்ணாகூட ஜகளாவா?"

ஜகளா என்றால் சண்டை. தப்பிக்க வழியில்லை. இவளே சொல்லி, தானே எழுதிய சாத்திரம். சொர்ணம் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரண்டாம் நம்பர் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, இவளுக்காகவே காத்துக்கொண்டிருந்தது.

சந்திரம்மா சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் பேரு வருதில்ல, சந்தோஷம்," என்றாள். "என்னுது பிடு. எனக்கு அப்யாசம் ஆயிடிச்சு." என்னுடையதை விடு, பேர் இல்லாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது என்கிறாள். சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அடுத்த சந்துக்குத் திரும்பி "சொப்பூ" என்று குரல் கொடுத்தாள்.

பஸ்ஸில் சொர்ணம் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. பொம்மசந்திராவில் இறங்கி, பையைக்கூட வைக்காமல் சஞ்சயிடம் போனாள்.

"ரெண்டு பேரும் வரணும் சார். இல்லன்னா கட்டுரையை எடுத்துடுங்க. மேடையிலும் படிக்காதீங்க," என்றாள்.

சஞ்சய் திகைத்துப்போனான். உங்கள் பேர்தான் வருகிறதே மேடம், உலகமே பேர் இல்லாமல் படித்துவிட்ட கட்டுரைதானே என்று ஏதேதோ சொன்னான்.

"உலகம் என்னைக் கேக்கல சார். நீங்க கேட்டீங்க. என் எழுத்து, குடுக்கறதும் குடுக்காததும் என் இஷ்டம். அவங்க பேச்சு, அவங்க பேரு போடணும்னு சொல்லித்தான் எனக்குக் குடுத்தாங்க. பேரை வெட்டிட்டு நான் உங்ககிட்ட குடுத்தா, அந்த மெயில்காரனுக்கும் எனக்கும் என்ன சார் வித்தியாசம்?"

அவள் குரலை உயர்த்தவில்லை, ஆனால் பஸ் டிரைவர்களிடம் பேசும் அதே குரல் அது. அந்தக் குரலுக்கு எதிர்வழக்கு கிடையாது. ஹரிஷ்தான் முதலில் வாய் திறந்தான். கீரைக்கூடையோடு படம் மாற்றி வரைந்துவிட்டேன், அந்த அம்மாவின் பேரே இல்லாமல் அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்றான். சஞ்சய் கமிட்டிக்காரர்களுக்குப் போன் போட்டான். ஒருவர் முணுமுணுத்தார், மற்றவர்கள் சரி என்றார்கள். வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போனபோது, தலைப்புக்குக் கீழே சொர்ணம் வைத்த இரண்டு வரியும் அப்படியே இருந்தன. 'யாரோ எழுதியது' என்ற வரி மட்டும் இல்லை.

விழா நாளன்று சொர்ணம் தன் அதிகாரத்தை ஒரே ஒரு தடவை சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினாள். ஸ்ரீராம்புரத்து வண்டிக்கு மாகடி ரோட்டில் ஒரு ஸ்டாப் கூட்டினாள். டிரைவர் ஏன் என்று கேட்கவில்லை. சந்திரம்மா பச்சைக் கரை போட்ட மஞ்சள் புடவையில், தலையில் கூடை இல்லாமல், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வண்டியில் ஏறினாள். எத்திராஜ் எழுந்து அவளுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தான். மண்டபத்தில் மூன்று பேரும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள்.

வரவேற்புரை, பாட்டு, பேச்சு, பிள்ளைகளின் நடனம் எல்லாம் முடிந்து, சஞ்சய் மலரைக் கையில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் வந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "சொப்புக்காரி," என்றான். அரங்கத்தில் இருந்த பெங்களூர்க்காரர்கள் சிரித்துக் கைதட்டினார்கள், அவர்களுக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. "சொன்னது, சந்திரம்மா..."

"பந்தே," என்றது ஒரு குரல்.

சந்திரம்மா எழுந்து நின்றுவிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து, வந்தேன் என்று சொல்லி முன்னால் போக வேண்டும். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவளுக்குப் பழக்கம் அதுதான், வேறெங்கும் அவளைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சொர்ணம் அவசரமாக முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, விட்டுவிட்டாள். சந்திரம்மா வரிசையைத் தாண்டி, நடுவழியில் நேராக மேடையைப் பார்த்து நடந்தாள். சஞ்சய் ஒரு கணம் விழித்துவிட்டு, மைக்கை விட்டு இறங்கி வந்து, அவள் கையைப் பிடித்து மேலே ஏற்றினான். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. சொர்ணத்துக்கு எதிரில் இருந்த மேடையே மங்கலாகத் தெரிந்தது, எத்திராஜ் தன் கைக்குட்டையை நீட்டினான்.

கைதட்டல் அடங்கியது. சஞ்சய் மலரைப் பிரித்துக் கட்டுரையின் முதல் வரியை வாசிக்கப் போனான். சந்திரம்மா அவன் கையைத் தடுத்தாள். பழக்கமில்லாத மைக்கில் அவள் குரல் சந்துக்குக் கேட்கிற அளவுக்குப் பெரிதாக ஒலித்தது.

"இருப்பா. நான் வாயால சொன்னேன், அவ்ளோதான். எழுதினது யாருன்னு நீ இன்னும் சொல்லலியே."